எடை குறைக்க வராதவர்

அக்கா,

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரம்மா தைலப் புட்டியைத் திறந்து பிடரியில் தேய்த்துக்கொண்டார். மழைக்காக ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்ததால் வாசனை வண்டி முழுக்க நிறைந்துவிட்டது. குன்னூரில் இறங்கும் வரை நீங்கள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள்.

தேயிலை ஏலக் கம்பெனியில் நம் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. நான் ஒல்லி, கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்னும் பொருந்துகிறது என்று பெருமை. நீங்கள் அகலமான உடம்பு. நம் இருவரில் திடமானவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த வருடம் அது. லாரி ஓட்டிய வாட்டசாட்டமான மனிதர், கட்டிலோடு கிடந்தார். ஒரு நாள் நீங்கள் தாமதமாக வந்தீர்கள். முழங்கை சிராய்த்திருந்தது.

"நாற்காலிக்கு மாத்தறப்ப நழுவிட்டாரு அம்மிணி. நானும் கூடவே விழுந்துட்டேன். பக்கத்து ஊட்டுக்காரங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் தரையிலயே கெடந்தோம். அவரு அழுதாரு. எனக்குக் கோவந்தான் வந்துச்சு."

"யாரு மேலக்கா?"

"என் உடம்பு மேல. இவ்வளவு பெருசா இருந்து என்னத்துக்கு?"

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்த ஜிம்முக்குப் படியேறினீர்கள். உள்ளே எல்லாம் ஆண்கள். கண்ணாடி முன்னால் நின்றிருந்தவர்கள் பனியனைச் சரிசெய்துகொண்டார்கள். மாஸ்டர் தயங்கித் தயங்கி, "எத்தனை கிலோ குறைக்கணுங்க்கா?" என்று கேட்டார்.

"குறைக்கறதுக்கு வரலீங்க. எங்க ஊட்டுக்காரரத் தூக்கணும். கீழ போடாமத் தூக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கோணிப்பையில் மணலைக் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். பாரத்தை உடம்போடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல், காலால் எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் உங்களால் அதை அசைக்கத்தான் முடிந்தது. என்னால் அதுவும் முடியவில்லை. நீங்கள் சிரித்த சிரிப்பில் ஜிம்மே திரும்பிப் பார்த்தது. கம்பெனிக்குத் திரும்பி வந்ததும் தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தேயிலை ஏல ரசீதுகளைப் பிரித்தோம். அதுவே வழக்கமாகிவிட்டது. உங்கள் எடை குறைந்ததா என்று நீங்கள் பார்த்ததே இல்லை.

அந்தப் பனிக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். அண்ணனின் முழங்காலுக்கு உங்கள் முழங்காலை முட்டுக்கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்து ஒரே மூச்சில் எழுப்பினீர்கள்.

"லோடு ஏத்தறா பாரு," என்று கோணிய வாயால் அவர் குழறினார்.

"பேசாம வாங்க. வெயில் போயிரும்."

வாசலில் போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கீழே ரயில் புகைவிட்டபடி ஏறிக்கொண்டிருந்தது. அவர் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடினார். நீங்கள் மூச்சிரைக்க என்னைப் பார்த்து, "உடம்பு இப்பத்தான் எனக்குச் சொந்தமாயிருக்குது" என்றீர்கள்.

பிறகு அவரையும் நீங்கள் விடவில்லை. தினமும் கதவு நிலையைப் பிடித்து நிற்க வைத்தீர்கள். திட்டினார், நின்றார்.

உங்கள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்து கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தபோது, மறுநாளே எழுந்து நடந்ததைப் பார்த்து டாக்டர் ஆச்சரியப்பட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாங்கள் நம்பினோம். நோய் திரும்பி வந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. உங்கள் கணக்கும் அதற்கேற்ப மாறியது. முதலில் வீட்டுப்படியில் நடுவில் உட்காராமல் ஏறுவது. பிறகு டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பது. கடைசியில் நான் பார்க்க வந்தபோது, "இன்னைக்கு என்ன தூக்குனேன் தெரியுமா? என் தலையத் தூக்குனேன்" என்றீர்கள். பெருமையாகத்தான் சொன்னீர்கள். கட்டிலருகே அண்ணன் இடது கையால் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் போன அன்று வீடு நிறையக் கூட்டம். உறவுக்காரம்மா ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "ஜிம்முக்கெல்லாம் போனாளே, என்ன பிரயோசனம்? கடைசியில நோவு கொண்டு போயிருச்சே."

கதவோரம் நாற்காலியில் இருந்த அண்ணன் கதவு நிலையைப் பற்றினார். பிடிக்க வந்தவரை வேண்டாமென்று தள்ளிவிட்டுத் தானாகவே எழுந்தார். கால் நடுங்கியது. "நான் நிக்கறேன்ல?" என்றார்.

உங்களை எடுக்கும் வரை அவர் உட்காரவே இல்லை.

அக்கா, நல்ல உடம்பு சாவைத் தள்ளிப்போடும் என்று நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. பக்கத்தில் இருக்கிறவருக்கு உதவும்படி அதை வைத்திருந்தீர்கள். அது குறையக் குறைய, மிச்சமிருந்ததை முழுசாகப் பயன்படுத்தினீர்கள். இப்போது யாராவது, "எப்படி இப்படி ஃபிட்டா இருக்கீங்க?" என்று கேட்டால் நான் ரவிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் மதியம், நான் இன்னும் போய்க்கொண்டிருக்கும் நம் ஜிம்முக்கு ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வருகிறாள். நடக்க முடியாத மகளைத் தினமும் குளியலறைக்குத் தூக்கிப் போக வேண்டுமாம். "பாப்பாவுக்கு வருசத்துக்கு வருசம் வெயிட்டு கூடுதுங்க. எனக்குத்தான் பலம் கூட மாட்டேங்குது," என்றாள் மாஸ்டரிடம். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மணல் கோணிப்பையை எடுத்துவர நான் எழுந்து போனேன், அக்கா.