மேசைக்கு அடியில் தள்ளிய கொம்புகள்

மைக்செட்டுத் தம்பிக்கு,

நேற்று மங்கலம்பேட்டையில் பேத்திக்கு வளைகாப்பு. மண்டபத்தில் மைக் விட்டு விட்டுக் கேட்டது. "பேட்டரி வீக்கும்மா" என்றார் மைக்காரர். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். மைக்கிலிருந்து வரும் அலையைப் பிடிக்கிற, ஆன்டெனா கொம்பு இரண்டு நீட்டிய அந்தப் பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார். "எடுத்து உசரத்துல வையிப்பா" என்றேன். வைத்தார். மைக் தெளிந்தது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். உன் பேரைச் சொல்லவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனியில் நாங்கள் நாற்பது பெண்கள் களிமண் பொம்மைக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்த காலம். கம்பெனியில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. அவசரம் என்றால் பின்னால் முள்ளுக்காடு. மழைக்காலத்தில் அங்கே பாம்பு, மற்றக் காலத்தில் லாரி டிரைவர்கள். ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் கேட்டுவிடுவது, கேட்பது நான் என்று முடிவானது.

அன்றுதான் நீ முதன்முதலாகக் கம்பியில்லாத மைக்கைக் கொண்டுவந்திருந்தாய். பெட்டியை மேடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வைத்து, கொம்பு இரண்டையும் விரல் விரித்த மாதிரி அகட்டினாய். "ஒண்ணு தவறவுட்டா இன்னொண்ணு புடிச்சுக்கும்க்கா. மைக்குலேர்ந்து பாத்தா கொம்பு தெரியணும், அவ்ளோதான்" என்றாய். மேனேஜர் வந்தார். "போட்டோவுல மாடு நிக்கிற மாதிரி இருக்குது. மேசைக்கு அடியில தள்ளுய்யா." இரும்பு மேசை. தள்ளிவிட்டாய். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாயா? அங்கே ஆரம்பித்தது என் கோபம்.

கடைசி வரிசையில் நின்ற என் கைக்கு மைக் வந்தது. முதலாளி எழுந்து சரியாக அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மேசையையே மறைக்கிற அவர் உடம்பு உனக்குத் தெரியும்.

"ஐயா, எங்க பொம்பளைங்களுக்கு ஒரு..." கர்ர்ர். "...கட்டிக் குடுங்க!"

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "புள்ளையார் கோயிலுதானே? கட்டித் தரேன்! பொங்கலுக்குள்ள கட்டித் தரேன்!" வந்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சுடி, இனிமே புள்ளையாருக்கும் மறைஞ்சி ஒதுங்கணும்."

நான் கத்தினேன். மறுபடியும் கர்ர்ர். அப்போதுதான் நீ மேசைக்கு அடியில் புகுந்து பெட்டியை இழுத்தாய். ஒயர் எட்டுகிற மட்டும் நகர்ந்து, காவடி மாதிரி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "இப்ப சொல்லுக்கா!" என்று கூவினாய். மேனேஜர் உன் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். நீ இறக்கவில்லை.

"கோயிலு இல்லைய்யா, கக்கூஸு!"

நாலு குழாய் ஸ்பீக்கரிலும் போனது. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்கூடக் கேட்டார்களாம். கொடுத்த வாக்கை அத்தனை பேர் முன்னால் முதலாளியால் விழுங்க முடியவில்லை. பொங்கலுக்குள் கக்கூஸ் வந்தது.

ஒயரைச் சுற்றிக்கொண்டே நீ விளக்கம் சொன்னாய். "மனுசன் ஒடம்புல பாதிக்கு மேல தண்ணிக்கா. தண்ணி மைக்கோட அலைய குடிச்சிடும்."

"எங்க மொதலாளி காலையிலேர்ந்தே தண்ணியிலதான்டா இருக்காரு. அதான் மொத்தத்தையும் குடிச்சிட்டாரு."

அன்று நாம் சிரித்ததுதான் கடைசி. மறுநாளிலிருந்து எனக்குப் பேர் 'கக்கூஸ் அக்கா'. கருவேப்பிலங்குறிச்சியில் சம்பந்தி வீட்டுக்குப் போனால் அங்கேயும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது அந்தப் பேர். அவ்வளவு சத்தம் எதற்கு வைத்தாய் என்று உன்னோடு பேச்சை நிறுத்தினேன். டீக்கடையில் நீ "அக்கா" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

உன் சாவுக்கு வந்தபோது உன் சம்சாரம் சொன்னாள்: "அந்த பூசைக்கப்புறம் எந்தக் கம்பெனியும் இவர கூப்புடலக்கா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

மேசைக்கு அடியில் தள்ளிய கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பேர் வாங்கித் தந்த கோபம் போகவில்லை, போகவும் விடமாட்டேன். யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் திட்டுகிறேன், தம்பி. "என்னா?" என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.