செல்லாத ஓட்டு ஒன்று

தொங்லுவோ,
தேர்தல் முடிந்த மூன்றாம் நாள்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, அப்பா டிவியை உடைக்கவில்லை. அத்தை உனக்கு அப்படித்தான் எழுதியிருப்பாள். தேர்தலன்று இரவு அவர் அதை அணைத்தார். பிறகு கடுகுக்கீரை ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் நலம். நீ இப்போது இருக்கும் குமமோட்டோவில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். கைபேசியில் நம் குடும்பக் குழுவில் கடைசி வரி இன்னும் நீ வெளியேறிவிட்டாய் என்பதுதான். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. அதனால் காகிதம்.

நவம்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆளும் பச்சைக் கட்சியை எதிர்த்து நீலக் கட்சியும் வெள்ளைக் கட்சியும் சேர்ந்து அதிபர் தேர்தலில் ஒரே ஜோடியை நிறுத்தும் என்று அறிவித்த வாரம். நீ தைபேயில் வெள்ளைக் கட்சிக்குக் கருத்துக்கணிப்பு எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தாய். அப்பா பிறந்ததிலிருந்து நீலம். அந்த ஒரு வாரம் சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "நானும் என் பையனும் இப்ப கூட்டணி, தெரியுமில்ல?" என்றார். அந்த ஜோடியில் யார் அதிபர், யார் துணை அதிபர் என்பதைத் தொலைபேசிக் கணிப்பு முடிவு செய்யும் என்றார்களே, அதற்காக நாற்காலியைத் தூக்கி வந்து வீட்டு ஃபோன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மூன்று நாள். கழிப்பறைக்குப் போகும்போது என்னை நிறுத்திவைப்பார். "ரூயுன், மணி அடிச்சா கத்தும்மா. நீயே எடுத்துப் பதில் சொல்லிடாத." மணி அடிக்கவில்லை.

வேட்புமனுவுக்கு முந்தின நாள் எல்லாம் உடைந்தது. கணிப்பில் யாருக்கு எத்தனை புள்ளி விட்டுக்கொடுப்பது என்ற சண்டை. அன்று நீ இணையத்தில் எழுதினாய்: பகலெல்லாம் வீட்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களைக் கழித்தால்தான் உண்மையான எண் வரும்.

நீ ஓர் எண்ணைப் பற்றித்தான் எழுதினாய். நாற்காலி உனக்குத் தெரியாது.

அத்தை அதைச் சத்தமாகப் படித்தாள். அப்பா, "கழிக்கணுமாமா?" என்று கேட்டார். நாற்காலியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ஃபோன் வயரைப் பிடுங்கினார். இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. நீ அந்த எண்ணுக்கு அழைத்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. அழைத்திருந்தாலும் மணி அடித்திருக்காது.

டிசம்பரில் தன் கைபேசியிலிருந்து உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஓட்டுப் போட வருகிறாயா என்று. வரமாட்டேன் என்றாய். சரி என்றார். ஊருக்கு வராமல் ஓட்டுப் போட முடியாது என்பது நாம் மூவரும் அறிந்ததே.

தேர்தலன்று காலை அத்தையிடம் கோபித்தார். "கையெழுத்துக்குப் பதிலா பேர் முத்திரைய மேசையில பட்டியல்ல குத்தினதும் பைக்குள்ள போட்டுடுக்கா. மறைப்புக்குள்ள போய் அங்க வச்சிருக்கிற வட்டக் குறிய விட்டுட்டு உன் பேரையே குத்திட்டு வராத. இருபது வருசம் தேர்தல் வேலை பார்த்தவன் சொல்றேன், செல்லாத ஓட்டுல பாதி இப்படித்தான்." அத்தை விடவில்லை. "ஆமா, ரயில்வேல டிக்கெட் கிழிச்சவருக்கு எல்லாம் தெரியும்."

நாலு மணிக்கு எண்ணிக்கை. என் வகுப்பறையிலேயே. ஓட்டைக் கூவும் வேலை எனக்கு. ஒவ்வொரு சீட்டாக இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக் கூவ வேண்டும். கரும்பலகையில் ஒட்டிய தாளில் ஒருவர் கோடு இழுப்பார். ஐந்து கோடு சேர்ந்தால் 'நேர்' என்று பொருள்படும் சீன எழுத்து ஒன்று முழுதாகும். நூறு சீட்டுக்குப் பிறகு குரல் என்னுடையதாக இல்லை. பச்சை. நீலம். பச்சை. வெள்ளை.

பிறகு அந்தச் சீட்டு.

வெள்ளைக் கட்சியின் கட்டத்தில் வட்டக் குறிக்குப் பதிலாகச் சிவப்பாக ஒரு சதுரம். சொந்தப் பெயர் முத்திரை. பச்சைக் கட்சி சார்பில் பார்க்க உட்கார்ந்திருந்த லியாவ் மாமா, அப்பாவோடு தினமும் சதுரங்கம் ஆடுபவர், தூரத்திலிருந்தே சிரித்தார். "யாருப்பா அது? பார்சல் வந்திருக்குன்னு நெனச்சு கையெழுத்துப் போட்டாரா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். சிரிப்பை நிறுத்தினார். "செல்லாது. அடுத்தத எடும்மா" என்று மெல்லச் சொன்னார்.

மூன்று சீன எழுத்து. பெங் ஜாவ்ஹுய். உன் பெயர், அண்ணா.

நம் வீட்டு முத்திரைகள் எல்லாம் ஒரே பையில் கிடக்கின்றன. அவருக்குக் கண் மங்கல், கை பட்டதை எடுத்திருப்பார் என்று நீ சொல்லலாம். நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர் தன் முத்திரையைத்தான் குத்தினார். அந்த மேசையில் இருந்தவள் பெயர் மாறினால் விடமாட்டாள். உன் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. பிறகு அந்தக் கட்டம். வாழ்நாளில் அவர் தொடாத கட்டம்.

எண்ணிக்கையை யாரும் வந்து பார்க்கலாம். அப்பா பின்வரிசையில், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில், கைகட்டி உட்கார்ந்திருந்தார். நான் "செல்லாது" என்று கூவினேன். தலையசைத்தார். புதிதாக வேலைக்கு வந்தவள் சரியாகச் செய்துவிட்டாள் என்பதுபோல.

திரும்பும் வழியில் யாரும் கேட்காமலே லியாவ் மாமாவிடம் சொன்னார், "நான் வேற யாருக்குப் போடப் போறேன்? செத்தாலும் நீலம்தான்." மாமா, "தெரியும்டா, தெரியும்" என்றார். எப்போதும் விட்டுக்கொடுக்காதவர்.

பச்சைக் கட்சி ஜெயித்தது. நீலத்தையும் வெள்ளையையும் கூட்டினால் என்ன வரும் என்று இரவு முழுக்கத் தொலைக்காட்சியில் கூட்டினார்கள். அப்பா கூட்டவில்லை. அந்தச் சீட்டு எந்தக் கூட்டலிலும் வராது.

எனக்கு அழுகை வரவில்லை. மகிழ்ச்சியும் இல்லை. கை இன்னும் சீட்டைத் தூக்கிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது. எண்ணுகிறவள் யாருடைய ஓட்டு எது என்று வெளியே சொல்லக் கூடாது. இது உன் பெயரில் விழுந்தது, அதனால் உனக்கு மட்டும்.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின இரவு விருந்துக்கு வா. யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று பேச வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பற்றியும் பேச வேண்டாம். வந்து அந்த ஃபோன் வயரை மட்டும் சொருகு. வேறொன்றும் கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நன்றாக இரு.

உன் தங்கை,
ரூயுன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் முத்திரைப் பையைத் திறந்தேன். அப்பா தன்னுடையதைப் பல் பிரஷால் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார். உன்னுடையதில் சிவப்பு அப்படியே காய்ந்திருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை. உள்ளே வைத்துப் பையின் நாடாவைக் கட்டினேன்.