அத்தை ஓட்டிய பந்தயப் படகு

ஜன. 6, செவ்வாய்

காலையில் பனி. வார்னிஷ் காயவே இல்லை. நேற்று ஹேர் டிரையர் பிடித்தும் பிசுபிசுப்பு.

மற்றபடி படகு தயார். சிவப்பு. அறுபது வருடங்களுக்கு முன் பின்பக்கம் மோட்டாரைத் தொங்கவிட்டு ஓட்டிய பந்தயப் படகின் குட்டி வடிவம், என் கை நீளம். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள். ரிமோட்டில் ஓடும். உள்ளே ஹெல்மெட் போட்ட பொம்மை ஆள், மண்டியிட்டபடி.

அத்தை குனிந்து பார்த்தார்.

"இவன் இன்னாத்துக்கு மண்டி போட்டுக்கினு கீறான்? எதுனா வேண்டுதலா?"

"அப்பல்லாம் அப்படித்தான் ஓட்டுவாங்க அத்தை. உக்காந்தா முதுகு போயிடும்."

"மண்டி போட்டா முட்டி போவாதா?"



என் கணவன் கதிர் ஓசூரில், ஆபீஸ் வேலை. போகிக்குத்தான் வருவான். அவன் இல்லாத வீட்டில் நானும் அவன் அம்மாவான அத்தையும் பேசிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. இப்போது படகாவது இருக்கிறது.

வாங்க: உப்புத்தாள், டேப், பால், துவரம்பருப்பு.

ஜன. 8, வியாழன்

வலது கட்டைவிரல். மோட்டார் மூடியைச் சீவும்போது கத்தி நழுவிவிட்டது. அத்தை மஞ்சள்தூளோடு ஓடி வந்தார், பார்த்தார், மஞ்சள்தூளைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டார். மூன்று தையல். இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல்.

ஞாயிறு பந்தயம். ஏரியில் விடக்கூடாது, குடிதண்ணீர். செம்பரம்பாக்கம் தாண்டி ஒருவர் தன் மீன் குட்டையைத் தருகிறார். பொங்கலுக்கு அப்புறம் குஞ்சு விட்டுவிடுவார். பிறகு இந்த வருடம் பந்தயம் இல்லை. ரிமோட்டில் ஸ்டியரிங் சக்கரம் வலது கைக்கு.

எங்கள் படகு குரூப் தினேஷுக்கு போன். ஆவடிப் பையன், நீலப் படகு, எப்போதும் முதலில் வருபவன். "வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்கக்கா. படகு உங்க பேர்லயே இருக்கட்டும்."

யாரை?

அத்தை உளுந்து களைந்துகொண்டே, "நான் ஓட்றேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜன. 10, சனி

குட்டைக்குப் போனோம், ஒத்திகை. அத்தையின் மொபெட், பின்னால் நான், மடியில் படகு. வானகரத்தில் இரண்டு லாரிக்கு நடுவே புகுந்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் கரையில் முட்டினார். இன்னொரு தடவை கரை. பிறகு ஆகாயத்தாமரை. எல்லோருக்கும் வரும் சிக்கல்தான், படகு நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும். எனக்கு அது பிடிபட ஆறு மாதம். அத்தைக்கு ஒரு மதியம்.

"எப்படி அத்தை?"

"உள்ள கீறவனாட்டம் என்ன நென்ச்சிக்கிறேன். அவன் சாயற பக்கம் நானும் சாயறேன்."

உண்மைதான். கரையில் நின்று புடவையைச் செருகிக்கொண்டு மொத்த உடம்பும் சாய்கிறது. படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிறது. நான் கட்டியது இவ்வளவு வேகம் போகும் என்று எனக்கே தெரியாது.

பொறாமை. எழுதிவைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

ஜன. 11, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. ஐந்து படகுகள். முதல் ஓட்டத்தில் அத்தை இரண்டாவது. 

இறுதி ஓட்டம். தினேஷ் முன்னால், அவனை ஒட்டி எங்கள் சிவப்பு. கடைசிச் சுற்று, கடைசி மிதவை. நீலப் படகு மூக்கைத் தூக்கியது, ஒரு குட்டிக்கரணம், கவிழ்ந்தது. கவிழ்ந்த படகுக்கும் மிதவைக்கும் நடுவே நல்ல வழி. புகுந்தால் முதலிடம். அந்த வழியில்தான் தினேஷின் பொம்மை ஆள் கழன்று விழுந்து மிதந்துகொண்டிருந்தது.

அத்தை வேகத்தைக் குறைத்துவிட்டார்.

"போங்க அத்தை, போங்க," கத்தினேன்.

படகை அவர் வெளியே திருப்பினார். நேரே ஆகாயத்தாமரைக்குள். வேர் சுற்றி மோட்டார் நின்றது. மற்ற மூன்றும் சுற்றிக் கடந்து போயின.

"ஆளு தண்ணியில கீறான்மா."

"அது பொம்மை அத்தை."

"எனுக்கும் தெரியும்."

கவிழாததால் நாலாவது. வரும் வழியெல்லாம் மடியில் இருந்த படகிலிருந்து வேரைப் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

ஜன. 12, திங்கள்

ஆபீஸ். பக்கத்து சீட் பிரியா, "என்னாச்சு ரேஸ்?" நாலாவது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். முழுக்கதையும் சொன்னேன். பொம்மைக்காகவா என்று அவள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நிஜப் பந்தயத்தில் ஆள் விழுந்தால் எல்லோரும் அதைத்தானே செய்வார்கள் என்றேன். இவ்வளவு சூடாக ஏன் சொன்னேன், தெரியவில்லை. நேற்று அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை, வழியை மட்டும்தான் பார்த்தேன்.

இரவுச் சாப்பாடு. ஸ்பூனோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். அத்தை தட்டை இழுத்து, ரசம் சோற்றைப் பிசைந்து, உருட்டி என் இடது கையில் வைத்தார்.

"நேத்து நான் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது அத்தை."

"உன் படகு, நீ கத்தாம வேற யாரு? நான்தான் சுத்திக்கினு போயிர்க்கணும். ஸ்டியரிங்க ஒடிச்சது ஜாஸ்தியாப் பூட்ச்சி." இன்னொரு உருண்டை. "அட்த்த தபா ஒடிக்க மாட்டேன்."

இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜன. 14, புதன். போகி

தெருவெல்லாம் புகை, கண் எரிச்சல். கதிர் ஏழு மணிக்கு வந்தான். பையைக்கூட இறக்கவில்லை, படகின் அடியில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தான்.

"கையில கட்டு இருக்கு. அப்போ யார் ஓட்டினது?"

"உன் பொண்டாட்டி கட்னா, நான் ஓட்னேன்," அத்தை.

என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"ஜெயிச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "நீ மொதல்ல போய் கை கயுவிக்கினு வா."

அவன் போனான். அத்தை அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்து, பொம்மை விஷயத்தைச் சொல்லாதே என்று தலையசைத்தார். நானும் சரி என்று தலையசைத்தேன்.