கழுவாமல் அனுப்பும் துண்டுகள்

கும்மிடிப்பூண்டி
18.11.2007

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த ஜெர்மனிக் குளிரில் உனக்கும் சளி கட்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நியாயம்தான். எங்கள் பக்கெட் கம்பெனியில் மெஷினுக்குள் மிஞ்சியதை வழிக்கும்போது சூடாக விழுகிற பிளாஸ்டிக் கட்டிகளில், தண்ணீரில் போட்டு ஆற்றியதில் கொஞ்சம், தரையில் தானாக ஆறியதில் கொஞ்சம் உன் ஆராய்ச்சிக்குக் கேட்டாய். எண்ணெயும் தூசியுமாக அனுப்பினால் என் மகளை அங்கே என்ன நினைப்பார்கள் என்று, கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பினேன். ஏம்மா சுடுதண்ணில போட்ட, உள்ள எல்லாம் மாறிப்போச்சே என்று நீ அழாத குறை.

அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். பக்கெட்டுக்கு நாங்கள் கலக்கிற இரண்டு வகை பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சேர்வதில்லை, மெதுவாக ஆறினால் திட்டுத்திட்டாகப் பிரிய நேரம் கிடைக்கிறது, பிறகு ஒவ்வொன்றும் தன் வகையோடு அடுக்கிக்கொண்டு இறுகுகிறது, இரண்டும் தொடுகிற இடத்தில் பிடிப்பில்லாமல் விரிசல் விடுகிறது, சட்டென்று ஆறினால் அவ்வளவு பிரிய நேரமில்லை, சூடு பட்டால் அந்த அடுக்கு மறுபடி மாறிவிடும் என்று. பாதி புரிந்தது. புதுத் துண்டு வந்து சோதித்து முடிக்க வேண்டியிருப்பதால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்றது மட்டும் முழுசாகப் புரிந்தது. உன் கட்டிலில் போட்டிருந்த புது விரிப்பை நேற்று மடித்து வைத்துவிட்டேன். ஒருத்திக்காக உலை வைக்கவே பிடிக்கவில்லையடி, காலையில் வடித்ததையே ராத்திரியும் சாப்பிடுகிறேன். சர்ச்சில் பக்கத்து வீட்டு முத்தம்மா, பொண்ணு எப்போ வர்து என்று கேட்டாள். ஈஸ்டருக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

மறுபடி துண்டு கேட்டதற்கு சூப்பர்வைசர் பூவராகவன், இன்னாம்மா, குப்பையப் போயி பார்சல் கட்டிக்கினு கீறியே என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தார். இந்தத் தடவை துணியால்கூடத் துடைக்கவில்லை. தண்ணீரில் ஆறியது நீல நூல் கட்டிய பை, தரையில் ஆறியது சிவப்பு நூல். உனக்கென்று சுட்ட முறுக்கையும் பார்சலில் வைக்கவில்லை, எண்ணெய் பட்டு இதுவும் வீணானால் ஈஸ்டரும் போய்விடும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. பார்சல் கிடைத்ததும் போன் செய், இந்தத் துண்டு ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே விரிப்பை எடுத்துப் போட்டுவிடுவேன்.

உன் அம்மா,
ஞானம்மா