அவர் போட்ட கையெழுத்து

பர் துபாய்,
மார்ச் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கேட்டபோது அவருக்குத் தேவலை என்று சொன்னேன். பாப்பா தாரிணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்; அவள் எதிரில் அவள் அப்பாவைப் பற்றி உண்மையைச் சொல்ல முடியவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்டாக நான் மீனா பஜாரில் ஏறி இறங்காத கடை இல்லை. தையல்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், எல்லோரும் என்னிடம் பாலிசி எடுத்தார்கள். வீட்டில் மட்டும் பேச்சை எடுத்தாலே, "நான் செத்தா எவ்வளவு வரும்னு பாக்கிறியா?" என்று அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவரே கேட்டார். "கலா, அந்த ஃபாரத்தைக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடறேன்."

கேன்சர் கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை. இந்த நிலையில் எந்தக் கம்பெனியும் அவரை எடுத்துக்கொள்ளாது. ஆனாலும் ஃபாரத்தைக் கொண்டுபோனேன். அடியில் ஒரு அட்டையை வைத்து நான் பிடித்துக்கொள்ள, எழுத்தெழுத்தாகப் போட்டு முடித்தார்.

"இனிமே உனக்கும் பாப்பாவுக்கும் பயமில்லையே?"

"இல்லைங்க" என்றேன்.

ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினார். அந்த முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக எனக்கு வேறு இடமும் இல்லை.

உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் தாரிணிக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்குமா அக்கா? சும்மாதான் கேட்கிறேன். அத்தானிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

உன் வீட்டு மாடியில் அந்த ஒற்றை அறை காலியாகத்தான் இருக்கிறதா?

உன் தங்கை