இத்தா வீட்டில் டெக் இருக்கட்டும்

786
மருதமுனை
12.08.1984

கண்ணான மகன் காலிதீனுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், உன் உடம்புக்கும் ஈமானுக்கும் ஒரு குறையும் வராமல் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தங்கச்சி ஸகியா மாப்பிள்ளையை இழந்து இத்தா மறைவில் இருக்கிற வீட்டில் படம் ஓடுகிறது என்று சுபைறா மாமி உனக்கு எழுதினதாகவும், ஊர் வாய்க்கு இடம் கொடுக்காமல் படம் போடுகிற டெக்கையும் டீவியையும் மாமி வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லியும் எழுதியிருந்தாய். கொடுக்க மாட்டேன் மகன். உன் சொல்லைத் தட்டுகிறேன் என்று நினைக்காமல் முழுவதையும் வாசி.

மாவடிப்பள்ளி றோட்டில் நெல் லொறி புரண்டு உன் மச்சான் மௌத்தானதிலிருந்து ஸகியா உள் அறையை விட்டு வரவில்லை. மையத்து எடுத்த அன்றும் அவள் அழவில்லை. கதையும் இல்லை, சோறும் இல்லை, கஞ்சியைக் கொண்டு வைத்தால் வைத்தபடி ஆறிக் கிடக்கும். வயிற்றில் பிள்ளை இருப்பதால் அவளுக்கு இத்தா பிள்ளை பிறக்கும் வரைக்கும், அதை நீ அறிவாய். பிள்ளை வளரவில்லை, இப்படியே போனால் இரண்டு பேருக்கும் நான் பொறுப்பில்லை என்று பிரசவம் பார்க்கிற மிட்வைப் நோனா என்னை வேலியடிக்குக் கூப்பிட்டுச் சொன்னா. வாப்பா மௌத்தான பிறகு நானும் அதே அறையில் இத்தா இருந்தவள்தான், அந்தச் சுவர் ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து நீ அனுப்பிய டெக்கைப் பெட்டியால் எடுத்தேன். முதலில் அடுத்த வீட்டு ஆக்கள் தந்த கசட்டைப் போட்டேன், அதில் கலியாண வீடு வந்ததும் ஸகியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அது என் பிழை. மறுநாளே பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன். பாட்டு, ஆட்டம், மாப்பிள்ளை, பெண் ஒன்றும் இல்லாத படம், ஒரு ஆள் தனியாக அடைபட்டுக் கிடக்கிற படம் வேண்டும் என்று கசட் கடை ஸைனுலாப்தீனிடம் கேட்டேன். எல்லாரும் ஆள் நிறைந்த படம் கேட்கிறார்கள், நீங்கள் ஆளில்லாத படம் கேட்கிறீர்களே என்று சிரித்தான். ஆனாலும் உள்ளுக்குப் போய்த் தேடி எடுத்துத் தந்தான். வாடகை கோழிமுட்டை விற்கிற காசில் போகிறது, நீ அனுப்பியதில் நான் தொடவில்லை.

எல்லாம் இங்கிலீசுதான், தனியாக இருக்கிறவன் பேசுவது குறைவு என்பதால் எங்களுக்கு அது கஷ்டமில்லை. நான் முதலில் ஒருதரம் பார்ப்பேன், கூடாத இடம் இருந்தால் அந்த நேரம் எழும்பி டீவிக்கு முன்னால் நின்றுகொள்வேன். முதல் படத்தில் ஒரு மனிதன் கடலுக்கு நடுவில் வெளிச்சவீட்டில் இருக்கிறான், வள்ளம் உடைந்துபோய் அவனைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. அவன் மீன் பொரிக்கும்போதுதான் ஸகியா வாய் திறந்தாள். “உம்மா, இந்த மனிசனுக்கு மீன் பொரிக்கவும் தெரியா, கருக்கிப் போட்டான்” என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் கதைத்தது அதுதான். நான் குசினிக்குப் போய்ச் சூடை மீன் பொரித்துக்கொண்டு வந்தேன், சோற்றோடு தின்றாள். இன்னொரு படத்தில் மறியல் கம்பிக்குள் கிடக்கிற ஒருவன் இருக்கிற ஒரே சட்டையை ஒவ்வொரு நாளும் கழுவிக் காயப்போட்டு, விருந்துக்குப் போகிறவன் போல உடுத்துக்கொண்டு இருப்பான். அதைப் பார்த்த அடுத்த நாள் தானாக எழும்பித் தலைமுழுகினாள். வாசம் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, இத்தாவின் எல்லையை ஒரு நூல் அளவும் நாங்கள் தாண்டவில்லை. பிறகு ஒரு பொம்பிளை பனிக்குள் வீடு மூடுண்டு கிடக்கிற படம். அதைப் பார்த்துத்தான் விம்மி விம்மி அழுதாள். நான் நிறுத்தவில்லை, அழட்டும் என்று முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

இனி மாமியின் கதை. மாமி வந்த நேரம் டீவியில் செய்தி. வாசிக்கிற ஆள் நேராகப் பார்த்துத்தானே வாசிப்பான். “என்ன மச்சி, இத்தாவில இருக்கிற புள்ளைய இந்த ஆம்புள கண் வெட்டாமப் பாக்கிறானேகா” என்று சொல்லி, கொடியில் கிடந்த படுக்கை விரிப்பை இழுத்து டீவியை மூடிவிட்டா. அவன் உள்ளுக்கிருந்து வாசித்துக்கொண்டே இருந்தான், ஸகியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமிக்கு வந்த கோபம் அந்தச் சிரிப்புக்குத்தான். நான் மார்க்கத்தில் விளையாடுகிறவள் இல்லை மகன், அன்றைக்கே பள்ளி மௌலவியை அழைத்துத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். “படம் ஆளப் பாக்காது உம்மா, நாம எதப் பாக்கிறோம் எண்டதுக்குத்தான் மறுமையில கேள்வி இருக்கு” என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டதற்கு என்னால் பதில் சொல்ல ஏலாது.

ஆகையால் பிள்ளை பிறக்கும் வரை டெக் இந்த வீட்டில்தான் இருக்கும். நீ மாமிக்கு உன் கைப்பட மரியாதையாக எழுது, கோபமாக எழுதாதே, அவ வாப்பாவின் கூடப்பிறந்தவ. “டெக் என் சொற்படிதான் அங்கே இருக்கிறது” என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் இருக்கும்.

போன கிழமை மிட்வைப் நோனா வந்து வயிற்றைப் பார்த்து, பிள்ளை இப்போது நன்றாக வளர்கிறது என்றா. அவ போன பிறகு ஸகியா என்னிடம், “புள்ளைக்குக் காக்காதான் வந்து காதில பாங்கு சொல்லோணும்” என்று உன்னைச் சொன்னாள். பிறக்கப் போகிற பிள்ளையைப் பற்றி அவள் வாயால் வந்த முதல் கதை இது. அல்ஹம்துலில்லாஹ். உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் ஹலாலான பரக்கத்தையும் தரட்டும், வெயிலில் தலையை மூடிக்கொள், சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. பிள்ளைக்கு நாள் ஐப்பசிக் கடைசியில். இந்தக் கடிதம் கண்டதும் லீவு கேள், தர மாட்டோம் என்றால் திரும்பவும் கேள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
உம்மா
ஆ. சித்தி லைலா