நாட்டுக்குதிரையின் குட்டி

14.2.1984, செவ்வாய்

பெங்களூர் பந்தயங்களில் ஜெயித்த எங்கள் பண்ணைக் குதிரை நேற்று குட்டி ஈன்றதும் செத்துப்போனது. அந்தக் குட்டிக்குப் பால் கொடுக்க இன்று பென்னாகரத்திலிருந்து ஒரு நாட்டுக்குதிரையைக் குட்டியோடு வாங்கிவந்தார்கள். வேற்றுக் குட்டியின் வாசனை தெரியாமலிருக்க அதன் மூக்கில் தைலம் தடவினார்கள். ஆனால் சொந்தக் குட்டி கொட்டகையிலிருந்து கனைக்கும்போதெல்லாம் அது பந்தயக் குட்டியை உதைத்துத் தள்ளியது.

“கத்துற குட்டிய முதல்ல வெளிய அனுப்புய்யா,” என்றார் மேனேஜர்.

“பால்குடி மறக்கலீங்க சார், செத்துடுமுங்க,” என்றார் லாயம் பார்க்கும் மாதப்பா.

“பந்தயக் குட்டியோட அப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும். அந்த நாட்டுக் குட்டிக்கு அப்பன் யாருய்யா?”

எல்லோரும் சிரித்தார்கள். “உங்க அப்பா என்ன படிச்சிருக்காரும்மா?” என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேட்டவரும் இதே மேனேஜர்தான்.

மாலையில் நாட்டுக்குதிரையின் குட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பந்தயக் குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. நாட்டுக்குதிரை உதைக்கவில்லை. காதை மட்டும் சாலைப் பக்கம் திருப்பியிருந்தது.